இரண்டு யாஸீன் நேரம்

குண்டசாலையில் ஸுமைராவின் வீட்டு முன்னறை யன்னல் அறுபத்தேழு நாளாகத் திறக்கப்படவில்லை. கணவர் அமான் மௌத்தான அன்று, ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு போன கையோடு அண்ணி முறையில் யாரோ ஒரு மைனி திரைச்சீலையை இழுத்து விட்டாள். அது இழுத்தபடியே கிடந்தது. கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருந்து காக்கும் இத்தா. நகை இல்லை, அத்தர் இல்லை, வெளிவாசல் இல்லை. ஸுமைராவுக்கு அது பாரமாகத் தெரியவில்லை. முப்பது வருடம் கூட இருந்த மனிதருக்காக இவ்வளவு நாள் ஒதுங்கி இருப்பது என்ன பெரிய காரியம்?

அன்று காலையில், அவளுக்குப் பதிலாக வட்டிலப்பத் தொழிலைப் பார்த்துக்கொள்ளும் இன்ஷிரா ஃபோனில் கோல் எடுத்தாள்.

“சாச்சி, கொம்பனிக்காரங்க புது அக்ரிமென்ட் கொண்டு வந்தீக்கிறாங்க. லைசன்ஸ் ஒங்கட பேர்ல ஈக்கிறதால நீங்களே நேர்ல வந்து சைன் வைக்கணுமாம். நாளைக்குப் பத்து மணிக்கு. தள்ளிப் போட ஏலாதாம்.”

“நான் எப்படி மகள் வார? இத்தாவில ஈக்கிறேனே.”

“அதான் யோசிச்ச. நான் பள்ளிவாசல் ஹஸரத்திட்ட கேட்டுட்டு பின்னேரம் வந்து சொல்றேன்.”

பேச்சு முடிந்த பிறகும் ஸுமைரா ஃபோனைக் காதில் வைத்தபடி கதிரையில் இருந்தாள். ஹஸரத்திடம் கேட்டு வந்து சொல்கிறேன். இதே வார்த்தைகளை அவளும் ஒருமுறை சொல்லியிருக்கிறாள். ஐந்து வருடத்துக்கு முன், இன்ஷிராவின் உம்மாவிடம்.

இன்ஷிராவின் உம்மா றம்லத் ஸுமைராவுக்குச் சொந்தக்காரி இல்லை. கட்டுகஸ்தோட்டையில் ஒரு தனியார் அலுவலகத்தில் ஸுமைரா வேலை பார்த்த காலத்தில், பின் ஒழுங்கையில் இருந்த ஒரு வீட்டிலிருந்து பெருநாளைக்கு அலுவலகத்துக்கு, கருப்பட்டியும் முட்டையும் தேங்காய்ப் பாலும் சேர்த்து ஆவியில் அவித்த வட்டிலப்பம் வந்தது. சிங்கள மேனேஜர் முதற்கொண்டு கோப்பையை விரலால் வழித்து நக்கியதைப் பார்த்து, ஸுமைரா அன்று பின்னேரமே அந்த வீட்டைத் தேடிப் போனாள்.

“இத ஏன் தாத்தா நீங்க விக்கிற இல்ல?” என்று கேட்டாள். கூடப் பிறந்த மூத்தவளைக் கூப்பிடுவது போல, முதல் நாளே வாயில் தாத்தா என்றுதான் வந்தது.

“வித்தா யார் புள்ள வாங்கிற?”

“நான் வித்துத் தாரேன்.”

“அப்ப நான் செஞ்சு தாரேன். வேற என்ன?” என்று றம்லத் சிரித்தாள். தொழில் தொடங்கியது அப்படித்தான். பத்திரம் எழுதவில்லை, சாட்சி வைக்கவில்லை. றம்லத் சமைப்பாள், ஸுமைரா கடை கடையாகக் கொண்டு போவாள். ஹந்தானைத் தோட்டத்திலிருந்து ரத்தினம்மா என்று ஒருத்தி தேங்காய் துருவிப் பாலெடுக்க வந்து சேர்ந்தாள்.

றம்லத்திடம் மணிக்கூடு இல்லை. இருந்தது, சுவரில், அதை அவள் தொழுகைக்கு மட்டும் பார்ப்பாள். அடுப்பில் எல்லாக் கணக்கும் குர்ஆன் அத்தியாயங்களை ஓதும் நேரம்தான். கருப்பட்டி கரைய ஒரு முல்க். முட்டை அடிக்க நபி மீது நூறு ஸலவாத்து. சட்டியை மூடி ஆவியில் வைத்தால் இரண்டு யாஸீன். கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள். ஓதக்கூடாத நாட்களில் ஸலவாத்தை எண்ணியே அந்த நேரத்தையும் பிடித்துவிடுவாள். இரண்டாவது யாஸீன் முடிந்து முகத்தைத் தடவிக்கொண்டு மூடியைத் திறந்தால், வட்டிலப்பம் நடுவில் மட்டும் லேசாக ஆடும். அந்த ஆட்டம்தான் பதம். ரத்தினம்மா பக்கத்தில் நின்று, “நீங்க ஓதுறது எனக்கே பாதி மனப்பாடமா போச்சு றம்லத்தம்மா. ஒரு நாளைக்கி நீங்க வரலேன்னா நானே அவிச்சிருவேன்” என்பாள்.

றம்லத் முகம் மூடுகிறவள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அப்படி. கணவர் ஹுஸைன் சொல்லி மூடியதில்லை. அவர் ஒருமுறை, வெயிலுக்கு எடுத்தால்தான் என்ன என்று கேட்டதற்கு, “நீங்க ஒங்கட தாடிய எடுங்கோ, நான் இத எடுக்கிறேன்” என்றாளாம். இரண்டாயிரத்துப் பத்தொன்பது ஏப்ரல் தேவாலயக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு முகம் மூடத் தடை வந்தபோது நான்கு மாதம் ஒழுங்கையை விட்டு வெளியே வரவில்லை. தடை நீங்கியதும் மறுபடி மூடிக்கொண்டு வந்தாள். பஸ்ஸில் அவள் போய் இருந்ததும் பக்கத்தில் இருந்த பெண் எழுந்து போய் நின்றுகொண்டாள். றம்லத் அந்த இடத்தில் கருப்பட்டிப் பையை வைத்துவிட்டு ஸுமைராவைப் பார்த்து, “பாவம், கருப்பட்டிக்கு ஸீட் தந்துட்டுப் போறா” என்றாள். ஸுமைராவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் இரண்டு ஸீட் தள்ளி இருந்தாள். ஏன் தள்ளி இருந்தாள் என்று அன்று அவளை யாரும் கேட்கவில்லை. றம்லத்தும் கேட்கவில்லை.

ஸுமைரா பூப்போட்ட ஸ்காஃப் கட்டுகிறவள். அவளுடைய சிங்களத்தைக் கேட்டால் சிங்களவரே எந்த ஊர் என்று விசாரிப்பார்கள். தொழுவாள், நோன்பு பிடிப்பாள். ஆனால் அந்த வருடம் கடைகளுக்குள் ஏறும்போது ஸலாம் சொல்லும் வாயை மூடிக்கொள்ளப் பழகியிருந்தாள். முன்பு கோப்பைகளை எண்ணாமல் வாங்கி வைத்த முதலாளிமார், “கொஞ்ச நாளைக்கு வேணாம் நங்கி” என்று, தங்கை என்றே கூப்பிட்டு, கையெடுத்துக் கும்பிட்டார்கள். கோபத்தோடு சொல்லியிருந்தாலாவது தாங்கியிருக்கலாம். பன்னிரண்டு கடை மூன்றாகியது.

அந்த ஓகஸ்டில் ஹுஸைன் மௌத்தானார். கடைப் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவர் எழவில்லை. றம்லத் இத்தாவில் ஒதுங்கினாள். அவளுடைய இத்தாவின் இரண்டாம் மாதத்தில்தான் அந்தக் கடிதம் வந்தது. நாடு முழுவதும் கிளைகள் உள்ள ஒரு சுப்பர்மார்க்கட் கொம்பனி, வீடுகளில் செய்யும் இனிப்பு வகைகளை எடுத்து விற்கப் போகிறது. ருசி பார்த்துவிட்டார்கள், பிடித்திருக்கிறது. புதன்கிழமை காலை பத்து மணிக்குக் கண்டியில் உள்ள தங்கள் சமையலறைக்கு வந்து, செய்கிறவர் தம் கையால் செய்து காட்ட வேண்டும். கோப்பை மூடியில் போடுவதற்குச் செய்கிறவரின் படமும் எடுப்பார்கள்.

றம்லத் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாள். பக்கத்தில், இன்னும் படித்துக்கொண்டிருந்த மகள் இன்ஷிரா. ஹுஸைன் போன பிறகு அந்த வீட்டில் உழைக்கிற கை றம்லத்துடையது மட்டும்தான்.

“படம் வேணாமெண்டு சொல்லலாம். கைய மட்டும் எடுக்கச் சொல்லலாம்” என்றாள். பிறகு மெதுவாக, “எனக்குப் போக ஏலுமா புள்ள? இத்தாவில ஈக்கிற ஆள், தொழிலுக்கு எண்டு போகலாமா? நீ ஹஸரத்திட்ட கேட்டுப் பாரன். எனக்குக் கேக்க வெக்கமா ஈக்கி.”

“நான் கேட்டு வந்து சொல்றேன் தாத்தா.”

ஸுமைரா பள்ளிவாசல் ஹஸரத்துக்குக் கோல் எடுத்தாள். அவர் யோசிக்கவே இல்லை.

“வீட்ட உழைக்கிறதுக்கு வேற ஆள் இல்லாட்டி, பகல்ல பெய்த்து வேலைய முடிச்சிட்டு மஃரிபுக்கு முந்தி வீட்டுக்கு வரச் சொல்லுங்கோ. அலங்காரம் வேணாம், அத்தர் வேணாம். அவ்வளவுதான். மார்க்கம் ஆரையும் பட்டினி போடச் சொல்லல்ல.” பிறகு, ஃபோனை வைப்பதற்கு முன், “இல்ல, நான் பேணுதலா வீட்டோடயே ஈக்கிறேன் எண்டு அவங்க விரும்பினா, அதுவும் நல்லதுதான். அது அவங்கட விருப்பம்” என்றார்.

ஸுமைரா அன்றிரவு நன்றாகத் தூங்கவில்லை. கண்ணை மூடினால் பஸ்ஸில் அந்தப் பெண் எழுந்து போவது தெரிந்தது. தலை முதல் கால் வரை கறுப்பில், கண் மட்டும் தெரிய, றம்லத் அந்தச் சமையலறைக்குள் நுழைகிறாள். உள்ளே இருப்பவர்களின் சிரிப்பு முகத்திலேயே உறைகிறது. இருந்த மூன்று கடையும் போகிறது. தாத்தாவுக்காகத்தான், இன்ஷிராவுக்காகத்தான் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். அது பொய்யும் இல்லை. ஆனால் அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது. எட்டு வருடம் பையைத் தூக்கிக்கொண்டு அலைந்தவள் நான், ஒரு தரமாவது என்னை யாராவது பார்க்கட்டும். அதை அவள் அன்று தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

மறுநாள் றம்லத் வீட்டுக்குப் போய், “ஹஸரத் சொன்ன, பேணுதலா வீட்டோட ஈக்கிறது நல்லதெண்டு” என்றாள்.

ஹஸரத் சொல்லாத ஒரு சொல்லும் அதில் இல்லை. சொன்னதில் கடைசிப் பாதி அது. முதற்பாதி ஸுமைராவின் வாயிலேயே தங்கிவிட்டது.

றம்லத் கடிதத்தை மடித்து ஸுமைராவிடம் நீட்டினாள். “அப்ப சரி. நீ பெய்த்து வா. கருப்பட்டி இறக்கினதும் பால ஊத்தாத, ஆறட்டும். ஆவிக்கு…”

“ரெண்டு யாஸீன். தெரியும் தாத்தா.”

செவ்வாய்க்கிழமை பகல் ஸுமைரா சட்டியையும் கருப்பட்டியையும் றம்லத் வீட்டிலிருந்து எடுத்து வந்துவிட்டாள். புதன் காலையில் அந்த ஒழுங்கைக்குப் போகவேண்டி வராமல் பார்த்துக்கொண்டாள்.

அந்தச் சமையலறை ஆஸ்பத்திரி போல வெள்ளையாக இருந்தது. சஞ்சீவ் என்ற மேனேஜர் நின்று பார்த்தார். கண்ணியமான இளைஞர். கூட வந்த விளம்பரப் பகுதிப் பெண் ஸுமைராவைத் தலை முதல் கால் வரை பார்த்து, ஸ்காஃப் இருக்கட்டும், அழகாக இருக்கிறது, வட்டிலப்பம் முஸ்லிம்களுடையது என்று பார்த்ததும் தெரியவேண்டும் என்று சிங்களத்தில் சொன்னாள். நல்லவேளை கறுப்பு உடுத்தி வரவில்லை, ஆட்கள் பயப்படுவார்கள் என்று சிரித்தாள். ஸுமைராவும் சிரித்தாள்.

“இது உங்கட ரெசிப்பியா மெடம்?” என்று சஞ்சீவ் கேட்டார்.

“எங்கட வீட்டு ரெசிப்பி.”

“ஆவியில எத்தனை நிமிஷம்?”

மூடியைப் போட்டுவிட்டு அவள் மனதுக்குள் யாஸீன் தொடங்கியிருந்தாள். உதடு அசையக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓதினாள். “முப்பத்தஞ்சு நிமிஷம்” என்றாள். சஞ்சீவ் எழுதிக்கொண்டார். அதன் பிறகு அவளுக்கு ஓத வேண்டியிருக்கவில்லை. சுவரில் மணிக்கூடு இருந்தது.

றம்லத் இத்தா முடித்து வெளியே வந்த வாரம், வாடகைக்கு எடுத்த புது இடத்துக்கு ஸுமைரா அவளைக் கூட்டிப் போனாள். பெரிய ஸ்டீமர், மணி அடிக்கும் டைமர், ராக்கையில் அடுக்கிய மூடிகள். மூடியில் ஸுமைரா பூப்போட்ட ஸ்காஃபில் சிரித்தாள். ‘ஸுமைராவின் சமையலறையிலிருந்து’ என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. றம்லத் ஒரு மூடியை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தாள்.

“ஃபொட்டோ நல்லா ஈக்கி. முக்காடுதான் கொஞ்சம் பின்னுக்குப் பெய்த்து” என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். முக்காட்டை இழுத்து விடுவது போல, படத்தின் நெற்றியைப் பெருவிரலால் ஒருமுறை தடவிவிட்டு மூடியைத் திருப்பி வைத்தாள். பிறகு அபாயாக் கையைச் சுருட்டிக்கொண்டு முட்டை உடைக்கப் போனாள்.

அவள் முன்பு போலவே ஓதினாள். ஆனால் இரண்டாவது யாஸீன் முடிய நாலைந்து வசனம் இருக்கும்போதே டைமர் கத்தும். வேலைக்கு வந்த பெண் பிள்ளைகள் ஓடிவந்து ஸ்டீமரைத் திறந்துவிடுவார்கள். றம்லத் மீதியை ஓதிக்கொண்டு தள்ளி நிற்பாள். “ஏங்க றம்லத்தம்மா, இந்த மெசினும் ஓதுமா?” என்று ரத்தினம்மா கேட்பாள். “அது ஓதிப் பட்டம் வாங்கின மெசின், ரத்தினம்மா. என்னையவிட வேகமா ஓதுது” என்பாள் றம்லத். வட்டிலப்பம் கெட்டுப்போகவில்லை. வாங்கியவர்கள் யாரும் குறை சொல்லவும் இல்லை. அதுதான் ஸுமைராவுக்குப் பிறகு நினைக்க நினைக்கப் பொறுக்க முடியாமல் போனது. ஒரு மனுஷியை அவளுடைய அடுப்படியில் இருந்து கொஞ்சம் தள்ளி நிறுத்தியும் எதுவும் கெடவில்லை.

காஸ் கிடைக்காமல் நாடு வரிசையில் நின்ற வருடம், ஸ்டீமரை மூடிவிட்டுப் பின்முற்றத்தில் விறகடுப்பு மூட்டினார்கள். விறகுத் தீ ஒரு நாள் எரிவது போல மறுநாள் எரியாது. டைமரை நம்பினால் பாதி வேகாது, பாதி கருகும். றம்லத் புகைக்குள் நின்று ஓதினாள். தீ மந்தமானால் நிறுத்தி நிறுத்தி ஓதுவாள், பற்றிப் பிடித்தால் வேகமாக ஓதுவாள். மூடியைத் திறந்தால் நடுவில் லேசாக ஆடும். பெண் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். அந்த மூன்று மாதமும் றம்லத் பத்து வயது குறைந்தவள் போல இருந்தாள். ஸுமைரா பலமுறை அவள் பக்கத்தில் போய் நின்றாள், சொல்லிவிடலாம் என்று. புகையில் கண் கலங்குகிறது, இன்றைக்கு வேண்டாம் என்று திரும்பினாள். இன்றைக்கு வேண்டாம் என்றே நாட்கள் போயின. அந்த செப்டம்பரில் றம்லத்தும் கணவனைப் போலவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக நேரம் இருக்கவில்லை.

ஜனாஸாவைத் தூக்குவதற்கு முன் றம்லத்தின் தம்பி ஸிபான் வாசலில் நின்று வழமையாகச் சொல்வதைச் சொன்னார். எங்கட தாத்தா யாருக்காவது குறை வைத்திருந்தால், யார் மனதையாவது நோகடித்திருந்தால், அல்லாஹ்வுக்காக மாப்புக் கொடுத்துவிடுங்கள். உள்ளறையில் பெண்களுக்கு நடுவில் இருந்த ஸுமைரா முக்காட்டை முகத்தில் இழுத்துக்கொண்டாள். இறந்தவர் சார்பில் இருப்பவர்களிடம் மாப்புக் கேட்க ஒரு வழக்கம் இருக்கிறது. இறந்தவரிடம் கேட்க வேண்டியவளுக்கு ஒரு வழக்கமும் இல்லை. அடியானுக்குச் செய்த குற்றத்தை அந்த அடியான்தான் மன்னிக்க வேண்டும், அல்லாஹ் கூட அதில் கை வைப்பதில்லை என்று சின்ன வயதில் ஓதிக் கொடுத்ததை அவள் பரீட்சைக்குப் படித்தது போலப் படித்திருந்தாள்.

மூன்றாம் நாள் ஹஸரத்தின் மனைவி உம்மு குல்சும் அவள் பக்கத்தில் வந்து இருந்தாள்.

“இத்தாவில ஈக்கக்குள்ள அந்தக் கொம்பனிக்குப் போகலாமெண்டு ஹஸரத் சொல்லித்தானே ஈந்த? ஏன் போகல்ல எண்டு நான் பிறகு ஒரு நாள் கேட்ட. சிரிச்சா. ‘எனக்குத்தான் மனசு வரல்ல, நீங்க ஸுமைராட்ட ஒண்டும் கேக்காதீங்கோ’ எண்டா.”

ஆக, றம்லத்துக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டே முட்டை உடைத்தாள், சிரித்தாள், டைமரோடு போட்டி போட்டு ஓதினாள். ஸுமைரா அதில் ஒரு ஆறுதலைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். எல்லாம் முடிந்த பிறகு, உம்மு குல்சும் கேட்டபோதுதான் தாத்தாவுக்குத் தெரிய வந்திருக்கும். அந்தப் புதன்கிழமை அவள் ஒன்றும் அறியாமல், இத்தாவை நல்லபடி காக்கிறோம் என்ற நிம்மதியோடுதான் இருந்திருப்பாள். அந்த ஒரு நாளையாவது நான் கெடுக்கவில்லை. இரண்டு வருடமாக அதைப் பிடித்துக்கொண்டுதான் இன்ஷிராவின் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். உம்மாவின் மாப்பைக் கொடுக்க இனி உலகத்தில் யாராவது இருந்தால் அது அந்தப் பிள்ளைதான். சொன்னால் அந்தப் பிள்ளையும் போய்விடும். அமானும் போய்விட்ட வீட்டில், சாச்சி என்று கூப்பிட்டுக்கொண்டு வருகிறவள் அவள் ஒருத்திதான்.

அஸருக்குப் பிறகு இன்ஷிரா வந்தாள். ஃபைலை மேசையில் போட்டுவிட்டு, செருப்பைக் கழற்றியபடியே சொன்னாள்.

“சாச்சி, போகலாமாம். பகல்ல பெய்த்து, வேலைய முடிச்சிட்டு மஃரிபுக்கு முந்தி வரணுமாம். அலங்காரம், அத்தர் வேணாமாம். இல்ல, பேணுதலா வீட்டோட ஈக்க விரும்பினா அதுவும் நல்லதாம். அது ஒங்கட விருப்பமாம்.”

அதே வார்த்தைகள், அதே வரிசையில். ஹஸரத் மாறவில்லை. இரண்டு பாதியையும் கொண்டு வந்து அவள் மடியில் போட்டுவிட்டு, அந்தப் பிள்ளை குசினிக்குத் தண்ணீர் குடிக்கப் போனாள்.

திரும்பி வந்தபோது ஸுமைரா அழுதுகொண்டிருந்தாள்.

“என்ன சாச்சி? அமான் சாச்சா ஞாபகமா?”

“இரு மகள். ஒண்டு சொல்லணும். இடையில பேசாம கேளு, நிப்பாட்டினா எனக்குத் திரும்பச் சொல்ல ஏலாது.”

அவள் சொன்னாள். கோல் எடுத்தது, ஹஸரத் சொன்னது, தான் கொண்டு போன பாதி. பஸ்ஸில் இரண்டு ஸீட் தள்ளி இருந்ததையும் சொன்னாள். படத்துக்கு நிற்கும்போது மனதுக்குள் சந்தோஷமாக இருந்ததையும் சொன்னாள். இன்ஷிரா ஃபைலின் நாடாவை விரலில் சுற்றிக்கொண்டும் அவிழ்த்துக்கொண்டும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ஒங்கட உம்மாட்ட கேக்க எனக்கு வாய் வரல்ல. நீதான் அவட புள்ள. நீ மாப்புத் தந்தா…”

“எப்ப தெரியுமெண்டு நினைக்கிறீங்க?” என்றாள் இன்ஷிரா.

“என்ன?”

“உம்மாக்கு. போகலாமெண்டு உம்மாக்கு எப்ப தெரியுமெண்டு நினைக்கிறீங்க?”

“பிறகு… உம்மு குல்சும் கேட்ட நேரம்…”

“செவ்வாக்கிழமை சாச்சி.” இன்ஷிராவின் குரல் உயரவில்லை. “நீங்க சட்டிய எடுத்துட்டுப் போன அண்டைக்கே, பின்னேரம் உம்மு குல்சும் மாமி பேரீச்சம்பழம் கொண்டு வந்தா. ‘நாளைக்குப் போறீங்கதானே, ஹஸரத் சொன்னாரு’ எண்டா. மாமி போன பிறகு உம்மா என்னட்ட அபாயாவ அயன் பண்ணச் சொன்னா. சுபஹ் தொழுதிட்டு உடுத்தா. யன்னலுக்கிட்ட கதிரையப் போட்டு இருந்தா. த்ரீவீல் சத்தம் கேக்கக் கேக்கத் திரைய விலக்கிப் பாத்தா.”

ஸுமைரா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“நான் சொன்ன, சாச்சிக்குக் கோல் எடுங்கோ உம்மா எண்டு. ‘வேணாம், அவ வருவா. அவவே வந்து சொல்லணும்’ எண்டா. பதினொரு மணி வரைக்கும் இருந்தா. அதுக்குப் பிறகு எழும்பி உடுப்ப மாத்திட்டு, ‘வேலை மிச்சம்போல, அவக்கு மறந்தீக்கும்’ எண்டா. எனக்கு அண்டைக்கு ஒண்டும் விளங்கல்ல. ஹஸரத் சொன்னத நீங்க உம்மாட்ட எப்படிச் சொன்னீங்க எண்டு எனக்குத் தெரியாதே. இவ்வளவு நாளும் உண்மையாவே ஒங்களுக்கு மறந்துட்டுதெண்டுதான் நினைச்சிக்கிட்டு ஈந்த.”

வெளியே பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. இன்ஷிரா எழுந்து செருப்பைப் போட்டாள். வாசலில் நின்று, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

“மாப்பு எண்டு சொல்ல எனக்கு இப்ப ஏலா சாச்சி. வாயால சொல்லலாம். பொய்யாப் போகும். ஒங்களுக்கு அது வேணாம்தானே?”

“வேணாம்.”

“நாளைக்கு ஒம்பது மணிக்கு உடுத்துக்கிட்டு ஈங்கோ.”

வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை.

மறுநாள் ஸுமைரா சுபஹ் தொழுதுவிட்டு உடுத்தாள். அலுமாரியில் பூப்போட்ட ஸ்காஃபுகள் மடிப்புக் கலையாமல் இருந்தன. இத்தாவுக்கு ஆகாது. வெள்ளை முக்காட்டைக் கட்டிக்கொண்டாள். கதிரையை யன்னலடிக்கு இழுத்துப் போட்டாள்.

ஒன்பது மணி ஆனது. ஃபோன் மேசையில் இருந்தது. எடுத்தால் இன்ஷிராவின் இலக்கம் முதலாவதாக வரும். அவள் எடுக்கவில்லை. வராவிட்டால் அது நியாயம் என்று நினைத்தாள். அக்ரிமென்ட் போகட்டும், மூடியில் சிரிக்கும் அந்த முகமும் போகட்டும். ஆனால் ஒழுங்கையில் த்ரீவீல் சத்தம் கேட்டபோது கை தானாகத் திரையை விலக்கியது. பக்கத்து வீட்டுக்காரர். இன்னொன்று, நிற்காமலே போனது. மூன்றாவது, பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஒவ்வொரு தரமும் திரையை விட்டுவிட்டு மறுபடி நேராக இருக்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. றம்லத் பதினொரு மணி வரைக்கும் எத்தனை தரம் விலக்கினாளோ?

கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவள் ஓதத் தொடங்கினாள். முதலாவது யாஸீன் முடிந்தது. யாரும் வரவில்லை. இரண்டாவதைத் தொடங்கினாள். உதடு அசைய, சத்தம் வெளியே கேட்க ஓதினாள். அது முடிய நாலைந்து வசனம் இருக்கும்போது வாசலில் ஒரு த்ரீவீல் வந்து நின்றது. எஞ்சினை அணைக்கவில்லை. யாரும் இறங்கவில்லை.

ஸுமைரா எழுந்துவிட்டாள். கதவுப் பூட்டில் கையை வைத்தபடி மீதியை ஓதி முடித்தாள். பிறகு திறந்தாள்.

இன்ஷிரா பின் ஸீட்டில் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு நேரே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் வீங்கியிருந்தது. சாச்சி என்று கூப்பிடவில்லை. ஸலாமுக்கு மட்டும் பதில் சொன்னாள். ஸுமைரா ஏறி, நடுவில் ஓர் ஆள் இருக்கக்கூடிய அளவு இடம் விட்டு, ஓரமாக இருந்துகொண்டாள். இன்ஷிரா அந்த இடத்தைப் பார்த்தாள். ஃபைலை எடுத்து அதில் வைத்தாள்.

வண்டி கண்டிப் பக்கமாகத் திரும்பியது.